என் டைரியில் அவர் போட்ட கையெழுத்து

சங்கரா மீன் வாங்கிய பையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வீட்டுக்குள் நுழைகிறேன். சனிக்கிழமை மத்தியானம். சாப்பாட்டு மேசையில் என் கணவர் உட்கார்ந்திருக்கிறார். மூக்கின் நுனியில் கண்ணாடி, கையில் நீல பால்பாயின்ட் பேனா. எதிரே திறந்து கிடப்பது என்னுடைய டைரி.

வெறுமனே படித்துக்கொண்டிருந்தால்கூட ஒருவேளை பொறுத்துப் போயிருப்பேன். மனுஷன் ஒவ்வொரு பக்கமாகப் படித்து முடித்து, அடியில் வலது மூலையில் 'தே.ச.' என்று சின்னதாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தேவசகாயம் என்கிற பெயரின் சுருக்கம். போட்டுவிட்டு ஒரு தடவை ஊதி, அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். நான் வகுப்பில் கட்டுரை நோட்டுத் திருத்துவேனே, ஏறக்குறைய அந்த மாதிரி.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. மீனை அப்படியே சிங்க்கில் போட்டுவிட்டு, "என்ன பண்ணிட்டிருக்கீங்க நீங்க?" என்றேன்.

அவர் தலையைத் தூக்கவில்லை. படித்த வரியை விரலால் பிடித்துக்கொண்டு, "இரு டீச்சர், மார்ச் மாசத்துல கீறேன்" என்றார்.

அவர் என்னைக் கூப்பிடுவது அப்படித்தான். கல்யாணமான புதிதில் கிண்டலாக ஆரம்பித்தது, பிறகு அதுவே பெயராகிவிட்டது. அன்றைக்கு அந்த 'டீச்சர்' என் காதில் சுள்ளென்று விழுந்தது. ஏனென்றால் நான் உண்மையிலேயே டீச்சர். அதிலும் தமிழ் டீச்சர். 'நாட்குறிப்பு' என்றால் என்ன என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள்.

மதுராந்தகத்திலிருந்து ஒரு கேள்வி

சண்டையை அங்கேயே நிறுத்திவைத்துவிட்டு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரைப் படிக்கிற மதுராந்தகத்து வாசகி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். "அம்மா, நீங்கள் எழுதுவது நினைவுக் குறிப்பு. என் அப்பா தினமும் எழுதி வைத்தது நாட்குறிப்பு. இரண்டுக்கும் என்னதான் வித்தியாசம்? நீங்கள்தான் தமிழாசிரியை ஆயிற்றே." இவரைப் போன்றவர்கள்தான் ஓய்வுபெற்ற வாத்தியார்களை உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

நினைவுக் குறிப்பு என்பது ரொம்ப நாள் கழித்து, தலைவாரிப் பவுடர் போட்டு, நாலு பேர் பார்க்கட்டும் என்று வாசலுக்கு வருவது. நாட்குறிப்பு அன்றன்றைக்கு எழுதுவது. தலை கலைந்திருக்கும், புடவை கசங்கியிருக்கும். எனக்குத் தெரிந்த வித்தியாசம் இவ்வளவுதான்.

அந்தச் சொல்லின் தலையெழுத்தையும் பாருங்கள். 'நாளேடு' என்றால் நியாயமாகப் பார்த்தால் டைரிதான். அதைப் பத்திரிகைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 'தினசரி'யை சுவரில் மாட்டுகிற காலண்டருக்குக் கொடுத்துவிட்டோம். மிச்சம் இருந்தது 'நாட்குறிப்பு' ஒன்றுதான். அது பாடப்புத்தகத்தை விட்டு வெளியே வரவே இல்லை. "ஏங்க, அந்த நாட்குறிப்பைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்று செங்கல்பட்டு முழுக்க எந்த வீட்டிலாவது யாராவது சொல்லியிருப்பார்களா? டைரி என்போம். அதுவும் எதை?

ஜனவரி பிறந்தால் எங்கள் அணுபுரம் குடியிருப்பில் வீட்டுக்கு நாலு டைரி வந்து இறங்கும். ஆபீஸில் கொடுத்தது, பேங்க்கில் கொடுத்தது, ஒப்பந்தக்காரர் கொடுத்தது, மளிகைக் கடைக்காரர் கொடுத்தது. முதல் பக்கத்தில் பெயர், ரத்த வகை, சட்டை அளவு, செருப்பு அளவு எல்லாம் எழுதக் கோடு போட்டிருக்கும். ஒரு டைரியில் தொப்பி அளவு கேட்டிருந்தது. வேர்த்துக் கொட்டுகிற ஊரில் எவன் தொப்பி போடுகிறான்?

முதல் வாரம் 'ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்' என்று ஆரம்பித்து ஒழுங்காக எழுதுவோம். பொங்கலுக்குள் அது நின்றுவிடும். பிறகு பால் வராத நாள், கோலத்துப் புள்ளி, கேக் செய்முறை, பிள்ளைகள் கிறுக்கிய யானை. ஆகஸ்டு மாதத்தில் பக்கம் பக்கமாகக் கிழித்து அலமாரித் தட்டில் விரிப்போம். இதுதான் நம் வீடுகளில் டைரி.

வகுப்பில் மட்டும் நான் வேறு கதை சொல்லுவேன். 'நாட்குறிப்பு என்பது ஒருவர் தமக்காகவே எழுதிக்கொள்வது, பிறர் படிப்பதற்கன்று.' இரண்டு மதிப்பெண் கேள்வி. பிள்ளைகள் மனப்பாடம் செய்து அப்படியே எழுதுவார்கள். நானும் ஒரு வரி மாறாமல் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆல் நார்மல்

என் கணவருக்குக் கடப்பாக்கம் பக்கம். ஊரார் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். அந்த வீட்டிலிருந்து பாலிடெக்னிக் படித்து, அணுமின் நிலையத்தில் வேலைக்கு வந்த முதல் ஆள் இவர்தான். வேலை, கன்ட்ரோல் ரூமில் ஷிஃப்ட். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மத்தியானம், ஒரு வாரம் ராத்திரி. நானோ காலையில் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் பிடிக்கிறவள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு நாள் முகம் பார்க்காமல் போன வாரங்கள் உண்டு.

அதனால் ஓசியில் வந்த டைரி ஒன்றை ஃபிரிட்ஜ் மேல் போட்டுவைத்தோம். சொல்ல வேண்டியதை அதில் எழுதிவிட்டுப் போவது என்று ஏற்பாடு. நான் கதை கதையாக எழுதுவேன். பக்கத்து வீட்டுக்காரி சொன்னது, பஸ்ஸில் நடந்தது, ஜெனி, அதாவது எங்கள் மகள் ஜெனிஃபர், அடம் பிடித்தது எல்லாம் இருக்கும்.

அவர் எழுதுவது இப்படி இருக்கும்: 'சாம்பார் சூடு செய்யப்பட்டது. பாப்பா சாப்பிட்டாள். மோட்டார் போடப்பட்டது. ஆல் நார்மல்.'

கருமம், இது என்ன வீடா, பாய்லரா?

கன்ட்ரோல் ரூமில் லாக் என்று ஒன்று எழுதுவார்களாம். அந்த ஷிஃப்டில் எது ஓடியது, எது நின்றது, அவ்வளவுதான். எழுதுகிறவனுக்குக் கோபமா, தலைவலியா, அதெல்லாம் அங்கே வராது. கோளாறு இல்லையென்றால் 'ஆல் நார்மல்'. ஏதாவது முடியாமல் பாக்கி நின்றால் 'பென்டிங்'. பென்டிங் என்று எழுதிவிட்டால் அடுத்து வருகிறவன் அதைக் கவனித்தே ஆக வேண்டும், விடக் கூடாது. இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒருமுறை ஜெனி சைக்கிளிலிருந்து விழுந்து நெற்றியில் தையல் போட வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்க்கிறேன், டைரியில், 'பாப்பாவுக்கு நெற்றியில் வெட்டு. டாக்டர் பார்த்தார். தையல் போடப்பட்டது. நிலைமை கட்டுக்குள்' என்று இருக்கிறது. அடப்பாவி மனுஷா! ஆஸ்பத்திரிக்குக் கை நடுங்கிக்கொண்டே அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினதை எதிர்வீட்டு அம்மா வந்து சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். அந்த நடுக்கம் டைரியில் ஏறவே இல்லை.

"நாட்குறிப்புன்னா மனசுல இருக்கிறதை எழுதணும்" என்று ஒருநாள் அவருக்குப் பாடமே எடுத்தேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். மறுநாள் எழுதியிருந்தார்: 'கீரை நன்றாக இருந்தது. ஆல் நார்மல்.'

வடக்கே

தொண்ணூறுகளின் நடுவில் அவரை வடக்கே ஒரு நிலையத்துக்கு அனுப்பினார்கள். ரயிலில் இரண்டு ராத்திரி போக வேண்டும். இரண்டு வருஷத்துக்கு என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் இரண்டு வருஷம் என்று போனவர்கள் அங்கேயே பதவி உயர்வு வாங்கி, ஆறு மாதத்தில் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு போய்விடுவதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

நான் போகிற நிலையில் இல்லை. என் வேலை நிரந்தரமாகி அப்போதுதான் மூச்சு விட்டிருந்தேன். வடக்கே தமிழ் வாத்தியாரை வைத்து என்ன செய்வார்கள்? ஜெனி வேறு ஏழாம் வகுப்பில் இருந்தாள். அவர் அங்கே நிலைத்துவிட்டால், ஒன்று நான் வேலையை விட வேண்டும், இல்லையென்றால் ஆயுசுக்கும் தனித்தனி அடுப்பு. இதை நாங்கள் இருவரும் வாய்விட்டுப் பேசியதே இல்லை. பெட்டி கட்டும்போது மடிக்காமல் கிடந்த கைலியைப் பற்றிச் சண்டை போட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிர்வீட்டுக்குப் போன் செய்வார். கோயிலுக்குப் புறப்பட்டு நிற்கிற அவர்கள் குடும்பம் மொத்தமும் கூடத்தில் சுற்றி நிற்க, நான் என்னத்தைப் பேசுவது? சாப்பாடு எப்படி என்பேன். நார்மல் என்பார். குளிர் எப்படி என்பேன். நார்மல் என்பார். பின்னால் யாரோ இந்தியில் பேசுவது கேட்கும். வைத்துவிடுவேன். ரிசீவரில் அந்த வீட்டுப் பவுடர் வாசனை அடிக்கும், அதுதான் அன்றைக்கு முழுக்க மூக்கிலேயே நிற்கும்.

அப்போதுதான் நான் நிஜமாகவே டைரி எழுத ஆரம்பித்தேன். ஃபிரிட்ஜ் மேல் இருந்த பொது டைரி இல்லை. அவருக்கு ஆபீஸில் கொடுத்த தடித்த டைரி, தேதியெல்லாம் சிவப்பில் அச்சடித்தது. பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். முதல்முறையாகப் பாடப்புத்தகத்தில் சொன்னபடி, எனக்காக மட்டும்.

என்ன எழுதினேன்? பெரிய தத்துவமெல்லாம் இல்லை.

'மத்தியானம் ஷிஃப்ட் பஸ் திரும்பும் சத்தம் கேட்டது. கை தானாகப் போய் டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டது. இரண்டு டம்ளர். ஒன்றைக் கீழே ஊற்றினேன்.'

'பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை மாமல்லபுரத்துக்கு அழைத்துப்போனோம். சிலை பார்க்க எல்லாரும் ஓடினார்கள். இங்கே வந்தால் அவர் சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நிற்பார். சுண்டல்காரனிடம் மாங்காய் கூடுதலாகப் போடச் சொல்லிச் சண்டை போடுவார். இன்றைக்கு மாங்காய் குறைவாகத்தான் இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை.'

'அவருடைய நீலச் சட்டையைத் துவைக்காமலே வைத்திருந்தேன். இன்று ஜெனி தெரியாமல் சோப்பில் ஊறப்போட்டுவிட்டாள். அவளைத் திட்டிவிட்டுக் குளியலறையில் போய் அழுதேன்.'

மனுஷன் உயிரோடு, நல்லபடியாக, ரயில் தூரத்தில் இருக்கிறார். அதற்கே அந்தப் பாடு.

கடப்பாக்கத்தில் கேள்விப்பட்டது

வடக்கே போன பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்த மழைக்கால விடுமுறைக்கு நானும் ஜெனியும் கடப்பாக்கத்துக்குப் போனோம். அங்கே அவருடைய அண்ணன் இருக்கிறார். கட்டட மேஸ்திரி. நல்ல மனுஷர், ஆனால் வயிற்றில் எதுவும் தங்காது.

வஞ்சிரம் வறுவலும் குழம்புமாக இலை நிறையச் சாப்பாடு போட்டார்கள். கை கழுவும்போது மூத்தார் சாதாரணமாகத்தான் கேட்டார். "இன்னாம்மா, தம்பி அங்கியே பர்மனன்டு ஆயிடுவான் போல கீதே? பெரிய போஸ்ட்டு தர்றாங்களாமே. உன்னாண்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைகூட 'நார்மல்' என்றுதான் சொன்னார்.

நான் சிரித்து மழுப்பிவிட்டு, ஜெனியைக் கூட்டிக்கொண்டு ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் போனேன். இடிந்த செங்கல் சுவர்களைத் தாண்டினால் கழிமுகம். மழை விட்டு, மேகம் மட்டும் மூட்டமாக நின்றது. ஜெனி கிளிஞ்சல் பொறுக்கினாள். நான் ஈரச் செங்கல்மேல் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. அண்ணனிடம் சொல்லத் தெரிகிறது, எனக்குச் சொல்ல வாயில்லை. அப்படியானால் முடிவு ஆகிவிட்டது என்றுதானே அர்த்தம்?

வீட்டுக்கு வந்ததும் டைரியை எடுத்தேன். பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி அழுத்தி எழுதினேன். 'அவர் வர வேண்டாம். எங்களுக்குப் பழகிவிட்டது.'

அடுத்த ஞாயிறு போனில் நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவரும் வாய் திறக்கவில்லை. வீம்பு என்றால் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

மழையெல்லாம் ஓய்ந்து பனி இறங்கிய சமயத்தில், ஒரு வாரம் லீவில் அவர் வந்து சேர்ந்தார். இளைத்திருந்தார், காதோரம் நரைத்திருந்தது. ஜெனிக்கு ஸ்வெட்டர், எனக்கு ஒரு சால்வை. சால்வையை அணுபுரத்தில் எங்கே போர்த்திக்கொள்வது? பீரோவில் வைக்கச் சொன்னேன். வைக்கப் போனவர் கண்ணில்தான் புடவைகளுக்கு அடியிலிருந்த டைரி பட்டிருக்கிறது.

ஒரு பாயின்ட் கீது

சரி, மீனுக்கு வருவோம்.

மார்ச் மாதத்தில் இருக்கிறேன் என்றவரை அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. பிடுங்கியிருக்கலாம். ஏன் பிடுங்கவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சிங்க் பக்கம் திரும்பி நின்று மீனின் செதிலை எடுத்தேன். பின்னால் தாள் புரளும் சத்தம், அப்புறம் பேனா கீறுகிற சத்தம். டம்ளர்களின் பக்கத்துக்கு வந்திருப்பாரோ, சட்டையின் பக்கத்துக்கு வந்திருப்பாரோ என்று முதுகெல்லாம் கூசியது. இடையில் ஒரு தடவை மூக்கை உறிஞ்சினார். ஜலதோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

மிளகாய்த்தூளும் உப்பும் பிசைந்து மீனில் தடவிக்கொண்டிருந்தபோது சத்தம் நின்றுபோனது. பிறகு மறுபடியும் புரண்டது. கடைசிப் பக்கம்வரை போய், திரும்பவும் பின்னால் வந்தார்.

"டீச்சர், ஒரு பாயின்ட் கீது."

திரும்பிப் பார்த்தேன். கடப்பாக்கத்திலிருந்து வந்த அன்றைக்கு எழுதிய பக்கம். முன்னால் பின்னால் எல்லாப் பக்கத்திலும் 'தே.ச.' இருந்தது. அதில் மட்டும் இல்லை.

எனக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தது. "யாரைக் கேட்டு எடுத்தீங்க? டைரின்னா தனக்குத்தானே எழுதிக்கிறது. அடுத்தவங்க படிக்கிறதுக்கு இல்ல. இதைத்தான் நான் பிள்ளைங்களுக்கே சொல்லிக் குடுக்கிறேன்" என்றேன்.

அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தார். "அடுத்து வர்றவன் படிக்கலன்னா, அப்பறம் இன்னாத்துக்கு எழுதறது?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார். மெதுவாக, எனக்குப் பாடம் எடுக்கிற மாதிரி. "ஒரு நாள் லீவு போட்டுட்டுப் போனாக்கூட, மொதல்ல அந்த ஒரு நாள் லாகைப் படிப்போம். படிச்சுட்டு அடியில கையெழுத்துப் போடணும். நான் இல்லாதப்ப இன்னா நடந்துச்சுன்னு தெரியாம எவனும் பேனல்ல கை வைக்க மாட்டான். இத்தினி மாசம் நான் இந்த வூட்ல இல்ல. இதைப் படிக்காம நான் எப்டி உள்ள வர்றது?"

மிளகாய் பூசிய கையோடு நான் அப்படியே நின்றேன். இத்தனை வருஷம் 'மனசுல இருக்கிறதை எழுதுங்க' என்று இவருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். இவர் வாயிலிருந்து இவ்வளவு நீளமாக ஒரு பேச்சு வந்து நான் கேட்டதே இல்லை.

"பெரிய போஸ்ட்டுன்னு உங்க அண்ணன் சொன்னாரே" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அங்கேயே இருக்கிறாயா என்று ஆபீஸில் கேட்டிருக்கிறார்களாம். இன்னும் பதில் சொல்லவில்லையாம். லீவு முடிந்து போனதும் சொல்ல வேண்டுமாம். என்னிடம் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைத்தாராம். போனைக் கையில் எடுத்தால் வார்த்தை வரவில்லையாம். எதிர்வீட்டுக் கூடம் அங்கிருந்தே கண்ணுக்குத் தெரிந்ததாம். அண்ணனிடம் சொன்னால் அவர் எப்படியும் என் காதில் போட்டுவிடுவார், அதற்கு நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்கலாம் என்று இருந்தாராம். நான்தான் போனில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லையே.

பேனாவின் பின்பக்கத்தால் அந்த வரியைத் தொட்டார். "இது க்ளோஸ் ஆயிடுச்சா, பென்டிங்கா? க்ளோஸ்னா சொல்லு, அங்கியே இருந்துடறேன்னு எழுதிக் குடுத்துடறேன். பென்டிங்னா வந்துடறேன்."

பாருங்கள் என் நிலைமையை. பிரிவைப் பற்றி, ஏக்கத்தைப் பற்றி எத்தனை செய்யுள் நடத்தியிருக்கிறேன். சொற்பொருள், நயம், அருஞ்சொல் விளக்கம், எல்லாம் என் விரல்நுனியில். போகாதீர்கள் என்று சொல்ல ஆயிரம் சொல் இருக்கிறது தமிழில். எனக்கு ஒன்றும் வரவில்லை. கண்ணைத் துடைக்கலாம் என்றால் கையெல்லாம் மிளகாய்.

"பென்டிங்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். என் வரிக்குக் கீழே, என் வரியை அடிக்காமல், 'பென்டிங்' என்று எழுதி, பக்கத்தில் 'தே.ச.' போட்டார். ஊதினார். டைரியை மூடி வைத்துவிட்டு, "மீனு கருகப் போவுது" என்றார். அடுப்பையே நான் இன்னும் பற்றவைக்கவில்லை.

லீவு முடிந்து போனவர், பெரிய போஸ்ட்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கோடை விடுமுறைக்குள் பெட்டி படுக்கையோடு வந்து சேர்ந்தார். ஃபிரிட்ஜ் மேல் டைரி பழையபடி ஓடியது. மோட்டார் போடப்பட்டது. ஆல் நார்மல். அந்தப் பதவி உயர்வு பிறகு அவருக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் வந்தது. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை. நான் விடைத்தாளில் அந்த 'பிறர் படிப்பதற்கன்று' வரிக்கு மதிப்பெண் போடும்போதெல்லாம் ஒரு கணம் பேனாவை நிறுத்தத்தான் செய்தேன்.

கேளம்பாக்கத்திலிருந்து ஒரு பஸ்

அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஜெனி படித்து, ஐ.டி. வேலைக்குப் போய், கல்யாணமாகி, கேளம்பாக்கத்தில் ஒரு அடுக்ககத்தில் குடியேறினாள். மாசமாக இருந்தபோது, படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் பள்ளிக்கூடத்தில் நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு அவளோடு போய் இருந்தேன். அவர் அணுபுரத்தில் தனியாக, அதே ஷிஃப்ட்.

இந்தத் தடவை இரண்டு ராத்திரி ரயில் இல்லை. ஒரு பஸ், அப்புறம் ஒரு ஷேர் ஆட்டோ. ஆளாளுக்கு செல்போன் வேறு. ஏங்குவதற்கு ஒரு நியாயமே கிடையாது. வார விடுமுறையில் அவர் வருவார். மருமகனோடு கிரிக்கெட் பார்ப்பார், ஜெனி தலையைத் தடவிக் கொடுப்பார், டப்பாவில் குழம்பை வாங்கிக்கொண்டு கிளம்புவார். எப்படி இருக்கீங்க என்றால் நார்மல். லிஃப்ட் கதவு மூடும்போது ஒரு தடவை என்னைப் பார்ப்பார். அவ்வளவுதான். எட்டாவது மாடி பால்கனியில் நின்று, கீழே பஸ் நிறுத்தத்தை நோக்கி அந்த வழுக்கைத் தலை நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவள், புதுப்பெண் மாதிரி.

ஒருநாள் மருமகன் வீட்டில் இருந்தார். எனக்கு மாற்றுப் புடவை எடுத்துவர வேண்டியிருந்தது. ஜெனியைப் பார்த்துக்கொள்ளும்படி மருமகனிடம் சொல்லிவிட்டு அணுபுரத்துக்கு பஸ் ஏறினேன். போய் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவதாகத்தான் பேச்சு.

கதவைத் திறந்தால் வீடு சுத்தமாக இருந்தது. அவர் காலை ஷிஃப்டில் இருந்தார். ஒரு தட்டு, ஒரு டம்ளர், கவிழ்த்து வைத்த ஒரு வாணலி. ஃபிரிட்ஜ் மேல் அந்த வருஷத்து டைரி. நான் இல்லாத வீட்டில் யாருக்கு எழுதுகிறார் என்று எடுத்துப் பார்த்தேன்.

எழுதியிருந்தார். ஒரு நாள் விடவில்லை. 'கேஸ் மாற்றப்பட்டது. ஆல் நார்மல்.' 'மழை. துணி உள்ளே எடுக்கப்பட்டது. ஆல் நார்மல்.' 'எதிர்வீட்டில் கேக் கொடுத்தார்கள். ஆல் நார்மல்.' நின்றபடியே ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன். பேனா அங்கேயே சொருகியிருந்தது. படித்த பக்கத்துக்கெல்லாம் அடியில் என் கையெழுத்தைப் போட்டுக்கொண்டே வந்தேன். படிக்காமல் உள்ளே வரக் கூடாதே.

முந்தின நாளுக்கு வந்தேன். அதில் கேஸ் இல்லை, மழை இல்லை, சாப்பாடு இல்லை. ஆல் நார்மலும் இல்லை. அச்சடித்தது போல அவருடைய கையெழுத்தில் ஒரே ஒரு வார்த்தை இருந்தது.

'பென்டிங்.'

அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போடவில்லை. ஜெனிக்குப் போன் செய்து, இன்றைக்கு வரமாட்டேன், காலையில் வருகிறேன் என்றேன். ஏன்மா, ஏதாவது பிரச்சினையா என்றாள். அதெல்லாம் ஒன்றுமில்லை, ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்றேன்.

மத்தியானம் ஷிஃப்ட் பஸ் திரும்புகிற நேரம். அடுப்பில் தண்ணீர் வைத்தேன். அலமாரியைத் திறந்து இரண்டு டம்ளர் எடுத்தேன்.